கடைசி இடத்தில் இருந்த அணி வென்றதற்கு இத்தனை கண்ணீரா? சிக்காகோ பெயார்ஸ், கிறீன் பே பக்கர்ஸ் பகை பற்றி ஒரு கேள்வி

கல்லடி ரீச்சர் எழுதியது:

அன்புடையீர்,

சென்ற மாதம், 2025 ஜனவரி 5 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை இரவு பதினொன்றரை மணிக்கு, சிக்காகோவில் வசிக்கும் என் தங்கையின் மகன் வட்ஸ்அப்பில் அழைத்து, “பெரியம்மா, இண்டைக்கு நித்திரை கொள்ளாதீங்க, எங்கட ஆட்டம் இருக்கு” என்று சொன்னான். முதுமையில் நித்திரையும் குறைவுதானே என்று நானும் இருந்தேன். அதிகாலை இரண்டரை மணியளவில் அவன் மறுபடி அழைத்தபோது முகம் முழுக்கக் கண்ணீர். யாருக்கேனும் ஏதும் நேர்ந்துவிட்டதோ என்று நெஞ்சு பதறிப் போனேன். விடயம் என்னவென்றால், சிக்காகோ பெயார்ஸ் என்ற அவனுடைய அமெரிக்கக் கால்பந்து அணி, கிறீன் பே பக்கர்ஸ் என்ற அணியை 24 இற்கு 22 என்ற புள்ளிக் கணக்கில், கடைசி நொடியில் உதைத்த ஓர் உதையால் வென்றிருக்கிறது.

அவனுடைய மூத்த சகோதரி திருமணமாகி மில்வோக்கியில் இருக்கிறாள். அவள் பக்கர்ஸ் பக்கம். அன்று முதல் இரண்டு நாட்கள் அக்காவும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. குடும்பக் குழுவில் அவள் எழுதிய ஒரே வசனம், “வென்றும் நீங்கள் கடைசி இடம்தான்” என்பது. அவனிடம் கேட்டேன், உண்மைதான் என்கிறான். அன்றைய வெற்றியையும் சேர்த்தே அவனுடைய அணி அந்தப் பருவத்தில் ஐந்து ஆட்டங்களில் மட்டுமே வென்று, பன்னிரண்டில் தோற்று, நான்கு அணிகள் கொண்ட தன் பிரிவில் இறுதியாக நின்றதாம். பக்கர்ஸோ தோற்ற பின்னரும் அடுத்த சுற்றுக்குப் போயிற்றாம்.

நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் புவியியல் படிப்பித்தவள், விளையாட்டு ஆசிரியை அல்ல. அமெரிக்க யேசு சபைத் துறவிகள் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கியதைக் கண்டு வளர்ந்தவள். வெபர் மைதானம் அவ்வாறு வந்த அருட்தந்தை ஒருவரின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. ஆனால் இந்த முட்டை வடிவப் பந்து விளையாட்டை அவர்கள் இங்கே கொண்டு வரவில்லை. ஆகவே எனக்கு அடிப்படையே தெரியாது. பிரிவு என்பது என்ன, இந்த இரண்டு அணிகளும் ஏன் ஆண்டுதோறும் மோதிக்கொள்கின்றன, ஒரு பயனும் தராத வெற்றிக்காக முப்பத்தொன்பது வயது ஆண்பிள்ளை ஏன் அழ வேண்டும் என்பவற்றை அறிந்தவர்கள் பொறுமையாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன். பிள்ளைகளுடன் அவர்களுக்கு முக்கியமான ஒன்றைப் பற்றி அறிந்து பேச வேண்டும் என்பதே என் விருப்பம்.

ஆரையம்பதி வாசகன் எழுதியது:

வணக்கம் ரீச்சர். நான் மில்வோக்கியில் ஏழு ஆண்டுகள் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவன். உங்கள் பெறாமகள் இருக்கும் நகரம் பக்கர்ஸ் அணிக்கு இரண்டாவது வீடு போன்றது. 1994 வரை அந்த அணி தன் சொந்த ஆட்டங்களில் சிலவற்றை அங்கேயே ஆடி வந்தது. ஆகவே நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் உள்ளதை உள்ளபடி எழுத முயல்கிறேன்.

முதலில் பிரிவு என்பதைப் பார்ப்போம். என்.எஃப்.எல். எனப்படும் அந்தத் தேசிய லீக்கில் 32 அணிகள் இருக்கின்றன. அவற்றை இரண்டு பெரும் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் நான்கு அணிகள் கொண்ட நான்கு பிரிவுகளாக வகுத்திருக்கிறார்கள். பெயார்ஸ், பக்கர்ஸ், டெற்றோயிற் லயன்ஸ், மினசோட்டா வைக்கிங்ஸ் ஆகிய நான்கும் வடக்குப் பிரிவு. ஓர் அணி பருவத்தில் 17 ஆட்டங்கள் ஆடுகிறது. அவற்றில் ஆறு, தன் பிரிவிலுள்ள மூன்று அணிகளுடன், சொந்த மண்ணில் ஒன்றும் அவர்கள் மண்ணில் ஒன்றுமாக ஆடப்படுபவை. வேறு பிரிவுகளைச் சேர்ந்த அணியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் சந்திக்க நேரும். பிரிவுக்குள் இருப்பவனையோ ஆண்டுதோறும் இரண்டு தடவை சந்தித்தே ஆக வேண்டும். பிரிவில் முதலிடம் பெறும் அணி இறுதிச் சுற்றுகளுக்கு நேரடியாகப் போகிறது என்பதால், அயலவனிடம் தோற்றால் உங்களுக்கு ஒரு தோல்வி மட்டுமன்று, அவனுக்கு ஒரு வெற்றியும் சேர்ந்துவிடுகிறது.

இது எவ்வளவு கொடுமையாக முடியக்கூடும் என்பதற்கு 1963 ஆம் ஆண்டைச் சொல்வேன். வின்ஸ் லொம்பார்டி பயிற்றுவித்த பக்கர்ஸ் அணி 1961 இலும் 1962 இலும் பட்டம் வென்றிருந்தது. மூன்றாவது பட்டத்தையும் எவராலும் தடுக்க முடியாது என்று நம்பப்பட்ட காலம் அது. அந்தப் பருவத்தின் 14 ஆட்டங்களில் அவர்கள் இரண்டில் மட்டுமே தோற்றார்கள். அந்த இரண்டுமே பெயார்ஸிடம் தோற்றவை. அக்காலத்தில் மேற்குப் பகுதியிலிருந்து முதலிடம் பெற்ற ஒரே ஒரு அணிதான் இறுதி ஆட்டத்துக்குப் போகலாம் என்பதால், வேறு எல்லோரிடமும் தோல்வியே காணாத லொம்பார்டியின் அணி வீட்டில் இருக்க, பெயார்ஸ் சென்று நியூயோர்க் ஜயன்ற்ஸை 14 இற்கு 10 என்று வென்று பட்டத்தை எடுத்துக்கொண்டது. மில்வோக்கியில் என்னுடன் வேலை செய்த முதியவர் ஒருவர், அப்போது பள்ளிச் சிறுவனாக இருந்தவர், அந்த ஆண்டைப் பற்றிப் பேசும்போது நேற்று நடந்தது போலக் குரல் மாறிவிடுவார்.

இனித் தொடக்கம். இரண்டு அணிகளும் தொழிற்சாலைகளின் மடியில் பிறந்தவை. பக்கர்ஸ் 1919 இல், கேர்லி லம்போ என்ற இளைஞர் தாம் வேலை செய்த இறைச்சி அடைக்கும் நிறுவனத்திடம் சீருடைக்குப் பணம் பெற்று ஆரம்பித்த அணி. பொதி செய்பவர்கள் என்ற பொருளுடைய பெயரும் அதனால் வந்ததே. பெயார்ஸ் அடுத்த ஆண்டில், இலினோய் மாநிலத்தின் டிகேட்டர் என்ற ஊரில் ஸ்ரேலி என்ற மாப்பொருள் நிறுவனத்தின் அணியாகத் தோன்றியது. அதை நடத்தியவர் ஜோர்ஜ் ஹலாஸ். 1921 இல் அணி சிக்காகோவுக்கு வந்தது, 1922 இல் பெயார்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. இரண்டும் முதன்முதலாக மோதியது 1921 நவம்பர் 27 ஆம் திகதி. சிக்காகோ 20 இற்கு 0 என்று வென்றது. உங்கள் பிள்ளைகளில் யாராவது உடைந்த மூக்கைப் பற்றிச் சொல்லியிருந்தால் அது கட்டுக்கதை அன்று. அந்த முதல் ஆட்டத்திலேயே சிக்காகோ வீரர் ஒருவர் எதிர்பாராத நேரத்தில் குத்தியதில் பக்கர்ஸ் வீரர் ஒருவரின் மூக்கு உடைந்தது. 1924 இல் இரு தரப்பிலும் ஒவ்வொருவர் கைகலப்புக்காக வெளியேற்றப்பட்டார்கள். லீக்கின் வரலாற்றில் சண்டைக்காக வீரர்கள் வெளியேற்றப்பட்டது அதுவே முதல் தடவை.

இருநூறுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆகிவிட்டன. அந்த லீக்கில் வேறெந்த இரண்டு அணிகளும் இத்தனை தடவை மோதியதில்லை. நீண்ட காலம் மொத்தக் கணக்கில் பெயார்ஸ்தான் முன்னே நின்றது. 2017 இல் பக்கர்ஸ் முந்திக்கொண்டது.

சம்மாந்துறை வாசகன் எழுதியது:

ரீச்சருக்கு என் சலாம். முன்னர் எழுதிய சகோதரர் நேர்மையாகவே எழுதியிருக்கிறார், ஆனால் உங்கள் பெறாமகன் ஏன் அழுதார் என்ற கேள்விக்குப் பக்கர்ஸ் ஆதரவாளர் ஒருவரால் முழுமையாகப் பதில் சொல்ல முடியாது. அதைத் தோற்றுப் பழகியவன்தான் சொல்ல வேண்டும். தோஹாவில் நான் வேலை செய்த கட்டுமானப் பணியில் மேற்பார்வையாளராக இருந்தவர் சிக்காகோவின் தென்பகுதியைச் சேர்ந்தவர். ஞாயிறு இரவுகளில் அவருடன் இருந்து பார்த்து, பதினான்கு ஆண்டுகளாக நான் பெயார்ஸ் பக்கம்.

சென்ற மாதத்து வெற்றிக்கு முன்னர் பெயார்ஸ் பக்கர்ஸிடம் தொடர்ச்சியாகத் தோற்ற ஆட்டங்கள் பதினொன்று. அதற்கு முந்திய காலமும் செழிப்பானதன்று. பக்கர்ஸின் குவாட்டர் பக் அரன் றொஜர்ஸ், அதாவது தாக்குதலை நடத்தும் தலைமை வீரர், 2021 ஒக்டோபரில் சிக்காகோவின் சோல்ஜர் ஃபீல்ட் மைதானத்திலேயே ஒரு டச் டவுனை, அதாவது பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டு சேர்த்து எடுக்கும் புள்ளியை, தானே ஓடி எடுத்துவிட்டு, பார்வையாளர்களைப் பார்த்து, ‘உங்களை இன்னமும் நான்தான் சொந்தமாக வைத்திருக்கிறேன்’ என்று கத்தினார். ஒரு நகரத்தின் நடுவில் நின்று அந்த நகரத்துக்கே சொன்ன சொல் அது. அதைவிடத் துயரம், அவர் சொன்னதை மறுக்க எங்களிடம் ஒரு கணக்கும் இருக்கவில்லை.

2010 ஆம் ஆண்டுப் பருவத்தை ரீச்சருக்குச் சொல்லாமல் விட முடியாது. கடைசி வாரத்தில் பெயார்ஸ் ஏற்கெனவே பிரிவின் முதலிடத்தை உறுதி செய்துவிட்டது. பக்கர்ஸோ பெயார்ஸை வென்றால்தான் அடுத்த சுற்றுக்குள் நுழைய முடியும் என்ற நிலை. எங்கள் அணி முக்கிய வீரர்களை ஓய்வெடுக்க விடாமல் களமிறக்கியது, பகைவனை வாசலிலேயே நிறுத்திவிட வேண்டும் என்ற ஒரே நோக்கத்துடன். 10 இற்கு 3 என்று தோற்றோம். பக்கர்ஸ் கடைசி ஆளாக உள்ளே நுழைந்து, ஒவ்வோர் ஊராக வென்று, மூன்று வாரம் கழித்து, 2011 ஜனவரி 23 ஆம் திகதி, சுப்பர் போல் எனப்படும் இறுதி ஆட்டத்துக்கு முந்திய ஆட்டத்துக்காக எங்கள் மண்ணுக்கே திரும்பி வந்தது. இறுதிச் சுற்றுகளில் இந்த இரண்டு அணிகளும் சந்தித்தது 1941 இன் பின்னர் அதுதான் முதல் தடவை. எங்கள் குவாட்டர் பக் ஜே கட்லர் முழங்காலில் காயப்பட்டு வெளியே அமர, மூன்றாவது இடத்திலிருந்த மாற்று வீரர் வந்து உயிரைக் கொடுத்து ஆடியும் 21 இற்கு 14 என்று தோற்றோம். பக்கர்ஸ் போய்ச் சுப்பர் போலையும் வென்றது. பூட்ட முடியாமற் போன கதவு வழியாக வந்தவன் வீட்டையே எடுத்துக்கொண்டு போனது போல அந்த மேற்பார்வையாளர் பல நாள் இடிந்து போயிருந்தார்.

இப்போது சென்ற பருவத்துக்கு வருகிறேன். நவம்பர் 17 ஆம் திகதி சிக்காகோவில் நடந்த முதல் சந்திப்பில், 20 இற்கு 19 என்று பின்தங்கியிருந்த பெயார்ஸ் கடைசி நொடியில் வெல்ல வேண்டியிருந்தது. கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்து மூன்று புள்ளி எடுக்கும் பீல்ட் கோலுக்கு கைரோ சாந்தோஸ் வந்தார். உதைத்த பந்தைப் பக்கர்ஸ் வீரர் கைநீட்டித் தடுத்துவிட்டார். ஆட்டம் அங்கேயே முடிந்தது. ஏழு வாரம் கழித்து, கிறீன் பேயில், பனிக்குளிரில், அதே கைரோ சாந்தோஸ், மறுபடி கடைசி நொடியில், 51 யார் தூரத்திலிருந்து உதைக்க வந்தார். இந்தத் தடவை பந்து போய்ச் சேர்ந்தது. உங்கள் பெறாமகன் அழுதது ஐந்தாவது வெற்றிக்காக அன்று, ரீச்சர். நவம்பரில் தடுக்கப்பட்ட பந்து ஜனவரியில் போய் விழுந்ததற்காக அழுதிருக்கிறார். நானும் அந்த அதிகாலை சுபஹ் தொழுகை வரை படுக்கவில்லை.

இன்னுமொன்று. பெயார்ஸுக்கு வால்டர் பேய்ற்றன் என்ற ஓட்ட வீரர் இருந்தார். பந்தைச் சுமந்து ஓடி 16,726 யார் சேர்த்தவர், 1985 ஆம் ஆண்டின் பட்டம் வென்ற அணியின் உயிர்நாடி. அவர் 1999 நவம்பர் முதலாம் திகதி நோயால் இறந்தார். ஆறு நாள் கழித்துக் கிறீன் பேயில் ஆட்டம். 14 இற்கு 13 என்று பெயார்ஸ் முன்னிலையில் இருக்க, பக்கர்ஸ் கடைசியில் ஓர் இலகுவான பீல்ட் கோலை உதைத்தது. பிறையன் றொபின்சன் என்ற எங்கள் வீரர் எழும்பி அதைத் தடுத்தார். தன்னைத் தூக்கிவிட்டது பேய்ற்றன்தான் என்று அவர் பின்னர் சொன்னார். எந்த அணிக்கு எதிராக அது நடந்தது என்பதில்தான் அந்த நாளின் முழுப் பொருளும் இருக்கிறது. வேறோர் அணியாக இருந்திருந்தால் நாங்கள் இத்தனை ஆண்டு அதைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டோம்.

மண்டூர்ப் பக்கத்து வாசகி எழுதியது:

ரீச்சர், இந்த ஆட்டத்தைப் பற்றி இங்கே வாசித்ததைத் தவிர எனக்கு வேறு அறிவு இல்லை. ஆனால் வாசிக்க வாசிக்க எனக்கு நம்முடைய கொம்புமுறிதான் நினைவுக்கு வந்தது. கண்ணகை அம்மனுக்காக ஊர் இரண்டாகப் பிரிந்து, வடசேரி கோவலன் பக்கமும் தென்சேரி கண்ணகி பக்கமுமாக நின்று, வளைந்த இரு கொம்புகளைக் கொழுவி, ஒன்று முறியும் வரை இழுப்பார்கள் அல்லவா? யார் எந்தச் சேரி என்பதை எவரும் தேர்ந்தெடுப்பதில்லை, பிறக்கும்போதே கிடைத்துவிடுகிறது. என் அம்மம்மா தென்சேரி, அப்பப்பா வீட்டார் வடசேரி. அம்மம்மா சொல்வார், கொம்பு விளையாட்டு நடக்கும் நாட்களில் ஒரே வளவுக்குள் இருக்கும் உறவுகள்கூட முகம் கொடுக்காமல் திரிவார்களாம்; ஒரு சேரி மறு சேரியை வசைபாடும் பாட்டுகள் கேட்கவே கூசுமாம். கொம்பு முறிந்து சடங்கும் நிறைவேறிய பின்னர் அதே வீடுகளுக்கிடையில் சோறும் கறியும் வழமை போலப் போய்வருமாம்.

நான் கவனித்தது ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். கொம்புமுறியை ஒரு சேரியால் நடத்தவே முடியாது. மழை வர வேண்டும், நோய் விலக வேண்டும் என்று ஊர் செய்யும் நேர்த்தி அது. எதிர்ச்சேரி வரவில்லையென்றால் நேர்த்தியே இல்லை. அந்த இரண்டு அணிகளுக்குமிடையில் அப்படி ஏதும் உண்டா? ஒன்றுக்கு மற்றது தேவையா, அல்லது ஒன்று அழிந்தால் மற்றது மகிழுமா? அறிந்த இருவரும் சொன்னால் நல்லது.

கல்லடி ரீச்சர் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சம்மாந்துறைத் தம்பி எழுதிய நவம்பர், ஜனவரி உதைகளைப் பற்றி வாசித்தபோதுதான் அன்றைக்கு நான் கண்ட கண்ணீரின் காரணம் விளங்கியது. மண்டூர் மகளின் கேள்வி என் கேள்வியும்கூட. அதோடு புவியியல் படிப்பித்தவள் என்ற முறையில் ஒரு விடயம் என்னைக் குடைகிறது. வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். சிக்காகோ ஏறத்தாழ 27 இலட்சம் பேர் வாழும் மாநகரம். கிறீன் பேயின் சனத்தொகை ஏறத்தாழ ஒரு இலட்சத்து ஏழாயிரம் மட்டுமே. நம் மட்டக்களப்பு மாநகரத்தைவிடச் சற்றே பெரிய ஓர் ஊர், இத்தனை பெரிய மாநகரத்துடன் நூறு ஆண்டுகளாகச் சமமாக நின்று மோதுவது எப்படிச் சாத்தியமாயிற்று? பணம் படைத்த எவராவது அந்த அணியைப் பெரிய நகரத்துக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்க மாட்டாரா?

ஆரையம்பதி வாசகன் எழுதியது:

ரீச்சரின் கேள்விக்கும் மண்டூர்ச் சகோதரியின் கேள்விக்கும் பதில் ஒன்றுதான். எனக்கு இந்தப் பகையில் மிகவும் பிடித்த பகுதியும் அதுவே, ஆகவே சற்று நீட்டி எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பக்கர்ஸ் அணிக்கு முதலாளி இல்லை. 1923 முதல் அது ஊர் மக்கள் பங்கு வாங்கி நடத்தும் இலாப நோக்கற்ற அமைப்பு. இன்று பங்குதாரர்கள் ஐந்து இலட்சத்துக்கும் அதிகம். அந்தப் பங்குக்கு இலாபப் பங்கு கிடைக்காது, சந்தையில் விற்கவும் முடியாது. பங்குப் பத்திரத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி வைக்கலாம், ஆண்டுக் கூட்டத்துக்குப் போய் வாக்களிக்கலாம். மில்வோக்கியில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் உரிமையாளர் அதைத் தன் திருமணப் படத்துக்கு அருகில் மாட்டியிருந்தார். விற்க ஒரு முதலாளி இல்லாததால் அணியைத் தூக்கிக்கொண்டு போகவும் எவராலும் முடியவில்லை. நுழைவுச்சீட்டுக்காகக் காத்திருப்போர் பட்டியலில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள், அதாவது ஊரின் சனத்தொகையைப் போன்ற இன்னொரு தொகை, இருக்கின்றன.

ஆனால் மக்களின் பற்று மட்டும் போதியிருக்காது. 1950களின் நடுப்பகுதியில் அணி பள்ளிக்கூட மைதானம் ஒன்றில் ஆடிக்கொண்டிருந்தது. புதிய மைதானம் கட்டாவிட்டால் கிறீன் பேயில் அணி நிலைக்காது என்ற நிலை வந்தது. நகரசபை ஒன்பது இலட்சத்து அறுபதாயிரம் டொலர் கடன் திரட்டலாமா என்பதை மக்களின் வாக்குக்கு விட்டது. 1956 ஏப்ரல் மாதம் வாக்கெடுப்பு. அதற்குச் சில நாள் முன்னர் கிறீன் பேயில் நடந்த ஆதரவுக் கூட்டத்தில் மேடையேறிப் பேச ஒருவர் சிக்காகோவிலிருந்து வந்தார். அவர் ஜோர்ஜ் ஹலாஸ். பெயார்ஸ் அணியின் தாபகர், உரிமையாளர், முப்பத்தைந்து ஆண்டுகளாக அந்த ஊர் மக்கள் மிகுந்த வெறுப்புடன் உச்சரித்து வந்த பெயர். அவர் அந்த ஊர் மக்களிடம், மைதானத்துக்கு வாக்களியுங்கள் என்று கேட்டுக்கொண்டார். இரண்டுக்கு ஒன்றுக்கும் மேலான பெரும்பான்மையுடன் அது நிறைவேறியது. 1957 செப்டெம்பர் 29 ஆம் திகதி மைதானம் திறக்கப்பட்டபோது முதல் ஆட்டத்துக்கு அழைக்கப்பட்ட எதிரணி பெயார்ஸ்தான். அந்த ஆட்டத்தில் பக்கர்ஸ் 21 இற்கு 17 என்று ஹலாஸின் அணியைத் தோற்கடித்தது. 1965 இல் லம்போ மறைந்த பின்னர் அதற்கு லம்போ ஃபீல்ட் என்று பெயர் வைத்தார்கள். சென்ற மாதம் சாந்தோஸ் உதைத்ததும் அங்கேதான்.

ஹலாஸ் இதைச் செய்ததற்குப் பாசம் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. கிறீன் பே போன்ற ஊர் விழுந்தால் தன் அணி ஆண்டுதோறும் வந்து மோதும், மக்கள் முந்தியடித்து வந்து பார்க்கும் அந்த ஆட்டம் இல்லாமற் போகும் என்பதை அறிந்த வியாபாரி அவர். 1960களின் தொடக்கத்தில், தொலைக்காட்சி வருமானத்தை எல்லா அணிகளும் சமமாகப் பகிர வேண்டும் என்ற யோசனை வந்தபோது, பெரிய நகரத்து உரிமையாளர்களான ஹலாஸும் நியூயோர்க்கின் மாரா குடும்பத்தினரும் அதற்கு இணங்கினார்கள். சிக்காகோ தனியாக விற்றிருந்தால் பன்மடங்கு பெற்றிருக்கும். அந்தச் சமபங்கு இல்லையென்றால் கிறீன் பே இன்று வரைபடத்தில் ஒரு புள்ளியாக மட்டுமே இருந்திருக்கும். ரீச்சர், இதுதான் உங்கள் கேள்விக்குப் பதில்: சின்ன ஊர் பெரிய ஊருடன் சமமாக மோதுவதற்கு வேண்டிய பணத்தில் ஒரு பங்கைப் பெரிய ஊரே விட்டுக்கொடுத்திருக்கிறது.

வேறொரு செய்தியும் உண்டு. ஹலாஸின் மகள் வேர்ஜினியா மக்காஸ்கி, பெயார்ஸின் உரிமையாளராக நான்கு பத்தாண்டுகளுக்கும் மேல் இருந்தவர், இம்மாதம், 2025 பெப்ரவரி 6 ஆம் திகதி, தமது 102 ஆவது வயதில் காலமானார். அவர் உயிருடன் இருந்தபோது தம் அணி ஆடிய கடைசி ஆட்டம், உங்கள் பெறாமகன் அழுத அந்த ஆட்டம்தான்.

சம்மாந்துறை வாசகன் எழுதியது:

சகோதரர் எழுதிய கடைசி வரியை நான் இரண்டு தடவை வாசித்தேன். அந்தக் கோணத்தில் நான் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. நன்றி.

ஒரு திருத்தம் மட்டும் சொல்ல அனுமதியுங்கள். பகை எப்போதும் கண்ணியமாக நடந்தது என்ற எண்ணம் ரீச்சருக்கு ஏற்பட்டுவிடக் கூடாது. 1986 நவம்பரில் எங்கள் குவாட்டர் பக் ஜிம் மக்மான் பந்தை எறிந்து முடித்துச் சில நொடிகள் கழிந்த பின்னர், பக்கர்ஸ் வீரர் சார்ள்ஸ் மார்ட்டின் அவரைப் பின்னாலிருந்து தூக்கி நிலத்தில் அறைந்தார். தாக்க வேண்டிய பெயார்ஸ் வீரர்களின் இலக்கங்களை எழுதிய துவாய் ஒன்றை அவர் இடுப்பில் தொங்கவிட்டிருந்தார். மக்மானின் அந்தப் பருவம் அத்தோடு முடிந்தது. மார்ட்டினுக்குக் கிடைத்தது இரண்டு ஆட்டத் தடை. முந்திய ஆண்டின் பட்டத்தை வென்ற அணி, அதன்பின் நெடுங்காலம் அந்த உயரத்துக்குத் திரும்பவில்லை. இது விளையாட்டுப் பகையன்று, குற்றம் என்றே நான் இன்றும் நினைக்கிறேன்.

ஆரையம்பதி வாசகன் எழுதியது:

அதில் எனக்கு மறுப்பு இல்லை. கிறீன் பேயும் மில்வோக்கியும் இருக்கும் விஸ்கொன்சின் மாநிலத்தில் நான் பழகிய பக்கர்ஸ் ஆதரவாளர்கள் எவரும் அந்தச் செயலைப் பெருமையாகப் பேசி நான் கேட்டதில்லை. பெருமை பேசுவது 1989 ஆம் ஆண்டைப் பற்றித்தான். கடைசி நிமிடத்தில் பக்கர்ஸின் டொன் மஜ்கவ்ஸ்கி எறிந்த டச் டவுனை, எறிபவர் தாண்டக் கூடாத கோட்டைத் தாண்டி நின்று எறிந்தார் என்று நடுவர் மறுத்தார்; ஒளிப்பதிவைப் பல நிமிடம் ஆராய்ந்து அந்தத் தீர்ப்பை மாற்றியதால் பக்கர்ஸ் 14 இற்கு 13 என்று வென்றது. பெயார்ஸ் நிருவாகம் தன் ஆண்டுக் கையேட்டில் அந்த முடிவின் அருகே பல ஆண்டுகள் ஒரு நட்சத்திரக் குறி இட்டே அச்சிட்டு வந்தது. சம்மாந்துறைச் சகோதரர் அந்தக் குறியை இன்னும் மனத்தில் வைத்திருப்பார் என்றே எண்ணுகிறேன்.

கல்லடி ரீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு பிள்ளைகள் இருவரையும் ஒரே அழைப்பில் எடுத்தேன். ஹலாஸ் 1956 இல் கிறீன் பேக்குப் போய்ப் பேசியதைப் பற்றிக் கேட்டேன். தம்பிக்குத் தெரிந்திருக்கவில்லை. அக்காவுக்குத் தெரிந்திருந்தது, ஆனால் அவனிடம் இதுவரை சொல்லவில்லையாம். “சொன்னால் அவன் எங்களுக்கு உபகாரம் செய்த கணக்கை வைப்பான் பெரியம்மா” என்றாள். அவன் உடனே, அப்படியானால் திறப்பு விழாவிலேயே எங்களைத் தோற்கடித்தது எந்த ஊர் நன்றிக்கடன் என்று கேட்டான். அதன் பிறகு அரைமணி நேரம் இருவரும் வாதாடினார்கள். நான் இடையில் ஒரு சொல்லும் பேசவில்லை.

அடுத்த பருவத்திலும் இரண்டு தடவை மோதுவார்கள் என்பதை இப்போது நானே அவர்களுக்குச் சொல்லக்கூடியவளாக இருக்கிறேன். சிக்காகோவில் நடக்கும் ஆட்டத்துக்கு அக்கா தம்பி வீட்டுக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறாள், பச்சைச் சட்டையுடன். அன்றைக்கும் நான் விழித்திருப்பேன். அதற்கிடையில் யார் (அளவு), டவுன் ஆகியவற்றை யாராவது நம் கிளித்தட்டுக் கோடுகளை வைத்து விளக்கி எழுதினால் மேலும் உதவியாக இருக்கும்.